"ஓரல்" என்றால் வாய்!

குழந்தைகளின் மருந்து பாட்டிலில் "ஓரல் டிராப்ஸ்" என்று அச்சடித்திருப்பார்கள். நம் கண்ணில் படுவது "டிராப்ஸ்" மட்டும்தான். சொட்டு மருந்துன்னாலே கண்ணுக்கா, காதுக்கா, மூக்குக்கான்னு மனசு ஓடிவிடுகிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிரசவமாகிக் கைக்குழந்தையோடு வீடு திரும்பும் சின்னப் பெண்களுக்கு இந்த முதல் வார்த்தையைத்தான் சொல்லித் தரணும்.

லத்தீனில் "ஓஸ்" என்றால் வாய். அதிலிருந்து வந்தது "ஓரல்". பள்ளிக்கூடத்தில் ஓரல் டெஸ்ட் என்றால் வாயால் பதில் சொல்வது. மருந்தில் ஓரல் என்றால் வாயால் விழுங்குவது. ஓரல் கான்சர் என்றால் வாய்ப் புற்றுநோய். தமிழில் நாம் வாய்மொழி, வாய்வழி என்று அழகாகப் பிரித்துவிட்டோம். இங்கிலீஷ்காரர்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே சொல்! "வெர்பல்" என்பது வேறு. அது சொற்களைப் பற்றியது, எழுதினாலும் வெர்பல்தான்.

இன்னொரு வம்பு "ஆரல்". காது, கேட்பது சம்பந்தப்பட்டது. பலர் வாயில் இரண்டும் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். அதனால் போனில் கேட்டதை நம்பாமல் லேபிளைப் படியுங்கள். காது மருந்தில் "இயர் டிராப்ஸ்" என்றும், மூக்கு மருந்தில் "நேசல்" என்றும் போட்டிருக்கும்.

வாய்க்குத்தான் என்று தெரிந்தால் மட்டும் போதாதும்மா. காய்ச்சலுக்குத் தரும் பாரசிட்டமால் ஓரல் டிராப்ஸில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். பல சிரப்களிலோ 5 மில்லிக்குத்தான் 120 அல்லது 125. சிரப் மாதிரி நினைத்து டிராப்ஸை 5 மில்லி ஊற்றினால், பச்சைக் குழந்தைக்கு 500 மில்லிகிராம் போய்விடும். ஈரலுக்கே ஆபத்து. கூட வந்த டிராப்பரை விட்டுவிட்டு டீஸ்பூனை எடுக்காதீர்கள். எத்தனை மில்லி என்பதைக் குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர்தான் சொல்லணும்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் முதல் எழுத்தும் இதே ஓரல்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்கு சலைன் போதாமல் போனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்க வைத்தே ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார். "குடிக்கிற தண்ணியில என்ன இருக்கு, சலைன் ஏத்துங்க"ன்னு சண்டை போடுகிறவர்கள் இதைக் கேட்கணும். மயக்கம், ஓயாத வாந்தி என்றால் ஆஸ்பத்திரிதான், அது வேறு விஷயம். மற்றபடி, பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கலக்கி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டு மறுபடி மெதுவாக ஆரம்பியுங்கள். கலக்கியது 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சினால் கொட்டிவிட்டுப் புதுசாகக் கலக்குங்கள்.