உங்களுக்குத் தெரியுமா? தாய் துறந்த கரடிக்குட்டி

முப்பதாண்டுகளுக்கு மேலாக ஒரு துருவக் கரடிக்குட்டியும் பிழைத்திராத பெர்லின் மிருகக்காட்சிசாலையில், ஈன்ற தாய் டோஸ்காவே ஏற்க மறுத்த சிசுவொன்றை, இரவில் அதனருகே மெத்தை விரித்துப் படுத்து, புட்டிப்பால் புகட்டி, தாயின் ஸ்தானத்திலிருந்து காப்பாற்றியவர் தாமஸ் டோர்ஃப்லைன் என்னும் பராமரிப்பாளர்.

• 2006 டிசம்பர் 5இல் பிறந்த அக்குட்டியின் பெயர் க்னூட். உடன்பிறந்தது சில தினங்களிலேயே மாண்டது.

• முதல் 44 நாட்கள் இன்குபேட்டரில் கழிந்தன. குழந்தைகளுக்கான பால்மாவில் மீனெண்ணெய் கலந்து, அகாலத்திலும் விழித்தெழுந்து ஊட்டிய அம்மனிதரின் பொறுமை வணக்கத்துக்குரியது.

• 2007 மார்ச் 23இல் க்னூட் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் தோன்றியபோது, நூற்றுக்கணக்கான நிருபர்கள் திரண்டனர்.

• டோர்ஃப்லைன் 2008இலும், க்னூட் 2011இலும் மறைந்தனர். க்னூட்டின் மூளையைத் தாக்கியது, அதுவரை மனிதரிடம் மட்டுமே அறியப்பட்டிருந்த வியாதி என்பது 2015இல் வெளியாயிற்று.