நீர் நடுவே ஒரு மன்றம்

தலைநகருக்குச் செல்லும் மட்டக்களப்பு மாணவர் முதலிற் காண விரும்புவது தாமரைக் கோபுரத்தையே. 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அது ஏறத்தாழ 350 மீற்றர் உயரமுடையது. இரவுப் புகைவண்டியில் எம்முடன் வந்த மாணவரும் அதனை அண்ணாந்து பார்த்துக் களித்தனர். ஆயினும் நாம் அவர்களுக்குக் காட்ட விரும்பிய கட்டடம் வேறு. அதனைக் காண அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை.

கோட்டேயிலே, தியவன்னா ஓயாவின் சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி, அதன் நடுவிலுள்ள தீவிற் பாராளுமன்றத்தை அமைத்துள்ளனர். ஜெப்ரி பாவா வரைந்த இக்கட்டடம் 1982 ஏப்ரல் 29இல் திறந்துவைக்கப்பட்டது. பாவா முதலிற் சட்டம் பயின்றவர். கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. பிள்ளைகள் துறை மாறினால் மனமுடையும் பெற்றார் இதனைக் கவனிப்பார்களாக! அவரோடு ஏறத்தாழ இருபதாண்டு பங்காளராயிருந்த பொறியியலாளர் பூலோகசுந்தரம் ஒரு தமிழர். பாவாவை அறிந்த நம்மவருள் எத்தனை பேர் இவரை அறிவர்?

கரையில் நின்று நோக்கினால், சுவர்களைவிடக் கூரைகளே முதலிற் கண்ணிற் படுகின்றன. நடுவே பெரியதொன்று, சுற்றிலும் சிறியன ஐந்து. செப்புத் தகடு வேய்ந்த அவை, நம் பழைய வீடுகளைப் போலவே இறவாரத்தை நீட்டி வெயிலையும் மழையையும் தடுக்கின்றன. காலிமுகத்தில் 1930இல் எழுந்த பழைய மன்றமோ ஐரோப்பியப் பாணியிலே தூண்களை முன்னிறுத்தி நிற்பது. "இது எங்கட வாவிக்கரையில நிண்டாலும் பொருந்தும், சேர்" என்றான் ஒரு மாணவன். அவன் கூறியதைவிடச் சிறந்த விளக்கம் எமக்குத் தோன்றவில்லை.

அவையிலே இருதரப்பாரும் எதிரெதிரே அமர்கின்றனர். மேலே ஓலைக் கீற்றுகளை ஒத்த வெள்ளிச் சரவிளக்கு தொங்குகிறது. இருக்கைகள் 225, அவற்றுள் ஐந்து மட்டக்களப்பு மாவட்டத்துக்குரியன. அவை எவையென்று மாணவர் தேடலாயினர்.

மன்றத்துக்கு இரண்டு வயது நிரம்புமுன்பே, 1983இல், அரசியலமைப்பின் ஆறாந் திருத்தம் கோரிய சத்தியத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் இருக்கைகளை இழந்தனர். நாட்டின் வெயிலையும் மழையையும் எண்ணிக் கட்டிய அவையிலே தமிழ்த் தொகுதிகள் பல குரலற்றுப் போயின. கூரையின் அழகைக் கூறிவிட்டு இதனைக் கூறாது விடுதல் ஆசிரியருக்குத் தகாது என்பது எம் கருத்து. ஆகவே கூறினோம்.

"பிறகு எப்ப தேர்தல் வைச்சவங்க, சேர்?" என்று வினவினாள் ஒரு மாணவி.

அடுத்த பொதுத்தேர்தல் 1989இலேதான் நடைபெற்றது என்றோம்.