கால் அங்குலக் கணக்கு

மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே மெல்லிய பஞ்சுப் படலம் என மூன்றையும் ஊடுருவித் தைத்த கனத்த போர்வையை அமெரிக்கர்கள் குவில்ட் என்று வழங்குகிறார்கள். அதன் மேல்துணியை ஒரே விரிப்பாக வைக்காமல், பல வர்ணத் துண்டுகளை இணைத்து முதலில் சிறு சதுரங்களாகத் தைத்து, பிறகு அச்சதுரங்களை வரிசை வரிசையாகக் கோத்துக் கட்டிலளவுக்குப் பெருக்கும் முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பெண்களின் கையில் செழித்து வளர்ந்தது. அத்தகைய ஒரு சதுரத்தைக் கட்டம் என்று சொல்லிக்கொள்வோம். முழுப் போர்வையை விரித்துத் தைக்கக் கூடம் வேண்டும். கட்டம் தைக்கவோ மடி போதும். அடுப்பில் உலை கொதிப்பதற்குள் ஒரு தையல், குழந்தை தூங்கும் வேளையில் இன்னொன்று என்று, சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் கிடைக்காத ஸ்திரீகளுக்கும் கைகூடிய கலை இது.

வறுமையே இக்கலையைப் பெற்றெடுத்தது என்ற அபிப்பிராயம் பரவலாக உண்டு. அது பாதி உண்மைதான். துணியின் விலை மிகுந்திருந்த பதினெட்டாம் நூற்றாண்டில் குவில்ட் பெரும்பாலும் வசதியுள்ளவர் வீட்டுப் பண்டமாகவே இருந்தது. மாஸசூஸெட்ஸ் மாகாணத்து லோவல் முதலிய ஊர்களில் ஆற்று நீரின் விசையால் ஆலைகள் சுழன்று பருத்தித் துணி மலிந்த பிறகே, சாமானியர் வீடுகளிலும் உடை தைத்து மிஞ்சிய வெட்டுத் துண்டுகள் கூடையில் சேரலாயின. 1851-ல் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற ஐஸக் சிங்கரின் கம்பெனி அதைத் தவணை முறையில் விற்கவும் முற்பட்டபோது, அந்தத் துண்டுகளை இணைக்கும் வேலையும் சுலபமாயிற்று.

கட்டங்களுள் மிக எளியது ஒன்பது துண்டுக் கட்டம். எழுத்துக் கற்கும் வயதிலேயே சிறுமிகள் ஊசி பிடித்துப் பழகியது பெரும்பாலும் இதில்தான். அடர்ந்த நிறத்தில் ஐந்து சதுரம், வெளிறிய நிறத்தில் நான்கு. அடர்ந்தவை நான்கு மூலைகளிலும் நடுவிலும், வெளிறியவை இடைவெளிகளிலும் அமையும். இரண்டு துண்டுகளை இணைக்கும்போது ஒவ்வொன்றின் விளிம்பிலும் கால் அங்குலம் தையலுக்குள் போய்விடுமாதலால், இரண்டு அங்குலம் தெரிய வேண்டிய சதுரத்தை இரண்டரை அங்குலமாக வெட்ட வேண்டும். ஒன்பதையும் தைத்து முடித்தால் கட்டம் ஆறரை அங்குலம் இருக்கும். அடுத்த கட்டத்தோடு இணைந்த பிறகு ஆறு அங்குலமாக நிற்கும்.

இந்தக் கால் அங்குலத்தில்தான் சகலமும் அடங்கியிருக்கிறது. தைப்பவர் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடுதலாக உள்ளே பிடித்துவிட்டால் அதைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனால் ஒரு வரிசையில் தையல் இரண்டு. ஒவ்வொரு தையலும் இரு பக்கத் துண்டுகளையும் விழுங்குகிறது. ஆகவே நான்கு வீசம், முழுசாகக் கால் அங்குலம், கட்டத்தில் குறைந்துபோகும். அவ்வாறான பத்துக் கட்டங்களை வரிசையாக வைத்தால் இரண்டரை அங்குலம் காணாமற்போய், பக்கத்து வரிசையோடு எந்த மூலையும் பொருந்தாது. துணி மடியும் இடத்தில் மடிப்பே நூலளவு இடத்தைத் தின்றுவிடும் என்பதால், தேர்ந்தவர்கள் கால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவாகவே பிடித்துத் தைப்பார்கள்.

வெட்டும்போது சதுரத்தின் பக்கங்கள் துணியின் பாவு, ஊடை ஓடும் திசைக்கு இணையாக இருக்க வேண்டும். மூலைவாட்டில் வெட்டிய விளிம்பு தொட்டாலே நீளும். புதுத் துணியாயின் முன்பே நனைத்து உலர்த்திவிடுவது உத்தமம். சாயம் போகும் சிவப்புத் துணியிடம் அதிக எச்சரிக்கை தேவை.

தைப்பதைக் காட்டிலும் இஸ்திரி போடுவதில்தான் இக்கட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது என்பது என் கட்சி. முதல் வரிசையில் அடர்த்தி, வெளிறல், அடர்த்தி என்று மூன்று துண்டுகளை நல்ல பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்துத் தைத்தபின், பின்புறத்து மடிப்புகளை அடர்ந்த துணியின் பக்கமே சாய்த்து அழுத்த வேண்டும். வெளிறிய துணிக்கு அடியில் கருநிழல் தெரியாதிருக்க இது ஒரு வழி. ஆனால் பெரிய லாபம் வேறு. இவ்விதம் செய்தால் முதல் வரிசையிலும் மூன்றாம் வரிசையிலும் மடிப்புகள் வெளிப்புறம் சாய்கின்றன. நடு வரிசையில் அடர்ந்த துண்டு மத்தியில் இருப்பதால் அவை உட்புறம் சாய்கின்றன. பின்னர் இரு வரிசைகளை முகத்தோடு முகமாக வைக்கும்போது, எதிரெதிராகச் சாய்ந்த இரு மடிப்புகளும் தச்சன் இழைத்த மரப்பூட்டுப் போல ஒன்றையொன்று முட்டி நிற்கும். விரல் நுனியால் தடவினாலே மேடு தட்டாமல் பொருந்திய இடம் புலப்படும். அங்கே ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் கூடும். இஸ்திரிப் பெட்டியைத் துணிமேல் இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். இழுத்தால் சதுரம் கோணலாகும். துண்டுகளை இணைத்த தையலின் முனையில் முடிச்சும் அவசியமில்லை. பின்னால் குறுக்கே வரும் தையல் அதைப் பூட்டிவிடும்.

அநேகம் கட்டங்கள் வேண்டுவோர் சதுரம் சதுரமாக வெட்டுவதில்லை. நீண்ட பட்டைகளை மும்மூன்றாக முதலில் தைத்துக்கொண்டு, அவற்றைக் குறுக்கே இரண்டரை அங்குலத்துக்கு ஒரு துண்டாக அறுத்தால் வரிசைகள் தாமாகவே கிடைத்துவிடும். 1979-ல் ஜப்பானிய ஓல்ஃபா கம்பெனி சுழலும் வட்டக் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் இம்முறை பெரிதும் பரவியது.

முடித்த கட்டங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக வெற்றுச் சதுரங்களோடு கலந்து பரப்பினால், அடர்ந்த துண்டுகள் மூலைக்கு மூலை தொடர்ந்து போர்வை முழுவதும் சங்கிலிகளாக ஓடும். ஐரிஷ் சங்கிலி என்று பேர்பெற்ற சித்திரம் அதுவே.

இத்தனை கணக்கையும் ஒதுக்கி வைத்துத் தைத்தவர்களும் உண்டு. அலபாமா நதி மூன்று புறமும் வளைந்தோடும் ஜீஸ் பெண்ட் என்ற ஒதுக்குப்புறத்தில், பருத்தித் தோட்டத்து அடிமைகளின் சந்ததியாரான கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து நைந்த கால்சட்டைகளைக் கிழித்து, அளவுகோல் இன்றிக் கண்மதிப்பாலேயே இணைத்தார்கள். பட்டைகள் சரிந்திருக்கும், சதுரங்கள் நெளிந்திருக்கும். அந்தச் சரிவை எந்த அளவுகோலாலும் உண்டாக்க முடியாது. 2002-ல் அவர்களுடைய போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலைக் காட்சிசாலையின் சுவரில் ஓவியங்களைப் போலவே மாட்டப்பட்டன. பின் நியூயார்க்கின் விட்னி காட்சிசாலைக்கும் சென்றன. 2006-ல் அமெரிக்கத் தபால் துறை அவற்றில் பத்தைத் தபால் தலைகளாக வெளியிட்டது.