‘ராஷ்டிரபதி’ என்னும் சொல்

வடநாட்டில் வாழும் நம் குடும்பங்களிலே, பள்ளியில் இந்தி பயிலும் பிள்ளைகள் சில வேளை கேட்பதுண்டு: “பதி என்றால் கணவன் அல்லவா? பெண்மணி ஒருவர் எப்படி ராஷ்டிரபதி ஆவார்?” குறும்புக் கேள்விதான், ஆயினும் தள்ளிவிடத் தக்கதன்று. 2007 ஜூலை 25-ல் பிரதிபா பாட்டீல் அம்மையார் பதவியேற்றபோது பெரியவர்களும் இதையே கேட்டனர்.

‘பதி’ என்னும் வடசொல்லுக்குக் காப்போன், தலைவன், உடையோன் என்பனவும் பொருளாம். சேனாபதி, சபாபதி, பசுபதி என நாம் வழங்கும் பெயர்களில் கணவன் எங்கே இருக்கிறான்? விடுதலைக்கு முன்பே காங்கிரஸ் தலைவரை ‘ராஷ்டிரபதி’ என்று மக்கள் அழைத்தனர். நேருஜி 1937-ல் ‘சாணக்கியர்’ என்ற புனைபெயரில் தம்மையே குறைகூறி எழுதிய கட்டுரைக்கும் அதுவே தலைப்பு.

இதன் பெண்பாலாகிய ‘பத்நி’யின் கதை வேறு. வேத மொழியில் அதற்குத் தலைவி, இல்லத்தை ஆள்பவள் என்ற பொருளும் இருந்தது. பாணினியோ அவ்வடிவத்தை வேள்வித் தொடர்போடு இணைத்து விதித்தார். கணவனுடன் வேள்வியில் பங்குபெறும் உரிமையுடையவள் என்பர் உரைகாரர். நாளடைவில் ஆளுகையும் வேள்வியும் உதிர்ந்து, மனைவி என்னும் பொருளே எஞ்சியது. ஆண்பாற் சொல் அரசியலுக்கும் இல்லறத்துக்கும் பொதுவாய் நிற்க, பெண்பாற் சொல் இல்லத்துக்குள்ளேயே அடைபட்டது. எனவேதான், 2022 ஜூலையில் திரௌபதி முர்மு அம்மையார் பதவியேற்ற சில நாட்களுக்குள் மக்களவை உறுப்பினர் ஒருவர் ‘ராஷ்டிரபத்நி’ என்று கூறியது பெரும் அமளிக்கு இடமாயிற்று. வாய் தவறியது என்று அவர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தார்.

தமிழிலோ ‘குடியரசுத் தலைவர்’ என்றதும் சிக்கல் தீர்கிறது. பலர்பால் விகுதியால் ஒருவரை உயர்த்திக் கூறுவது நம் மரபு. அவ்விகுதி ஆண் பெண் என்று பார்ப்பதில்லை. ஆனால் தமிழும் முற்றிலும் தப்பிவிட்டது என்று மார்தட்ட வேண்டாம்! அகப்பொருள் இலக்கணத்தில் ‘தலைவி’ காதலிக்கும் நங்கையே ஆவாள். ஆட்சிக்கும் அவளுக்கும் தொடர்பில்லை. ஜெயலலிதா அம்மையாரைக் கட்சியினர் ‘புரட்சித் தலைவி’ என்று போற்றி அச்சொல்லை அரசியல் மேடைக்குக் கொணர்ந்தனர். அரசாங்க ஏடுகளில் அவரும் முதலமைச்சரே.

இந்தியில் பெயர்ச்சொல் மாறவில்லை. வினையே பாலை உணர்த்துகிறது. ஆடவர் ராஷ்டிரபதியாயின் வருகையை ‘ஆயேங்கே’ என்பர். பெண்மணியாயின் அதே ராஷ்டிரபதி ‘ஆயேங்கீ’. வானொலியில் இந்திச் செய்தி ஒலிக்கும்போது பிள்ளைகளை அந்த ஈற்றெழுத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள்.