கைக்குத் தெரியும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில்தான் நான் பெரும்பாலும் பசியாறுவேன். ரொட்டி சானாய் போடும் அண்ணன் கடைவாசலிலேயே நிற்பார். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டையை உள்ளங்கையால் அழுத்திப் பரப்புவார். ஓரத்தைப் பிடித்துத் தூக்கி ஒரு வீச்சு, இன்னொரு வீச்சு. மூன்றாவதில் மேடையின் எவர்சில்வர் பளபளப்பு மாவுக்கு அடியில் தெரிய ஆரம்பித்துவிடும். ஒருநாள் கூட்டம் குறைந்த நேரம் பார்த்துக் கேட்டேன்.

"அண்ணே, கிழியாம எப்படிண்ணே வீசுறீங்க?"

யோசித்தார். வெறுங்கையைக் காற்றில் ஒருமுறை சுழற்றிப் பார்த்தார். "அது... இப்படி வீசணும்லா. பழகிட்டா வந்துரும்."

அடுத்த உருண்டையை எடுத்து வீசினார். கிழிந்துவிட்டது. என் கேள்விதான் கிழித்தது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தே தாரேக்கைக் குடித்துவிட்டு மெல்ல நழுவினேன்.

அவர் தொழில் ரகசியத்தை ஒளிக்கவில்லை. சொல்ல அவரிடம் எதுவுமில்லை, அவ்வளவுதான். இதை நம்பச் சிரமமாக இருந்தால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, பார்க்காமல் கணினி விசைப்பலகையை வரைந்து பாருங்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2014ஆம் ஆண்டு வாக்கில் இதையே ஆய்வாகச் செய்தார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 72 சொற்களைப் பிழை குறைவாகத் தட்டச்சு செய்யும் 100 பேரிடம், எழுத்துகள் இல்லாத வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து, 80 வினாடிகளில் எழுத்துகளை அதனதன் இடத்தில் நிரப்பச் சொன்னார்கள். 26இல் சராசரியாக 15தான் சரியாக வந்தன. விரலுக்கு 26ம் தெரியும். விரலின் சொந்தக்காரருக்குத் தெரியவில்லை.

இதற்கான விளக்கத்தைப் பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1967இலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். எந்தக் கைத்திறனும் மூன்று கட்டமாக வளர்கிறது. முதலில் ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிச் செய்கிறோம். கார் ஓட்டப் பழகிய முதல் வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, அசைவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கடைசியில் எல்லாம் தானாக நடக்கிறது. விழிப்போடு சிந்திக்கும் மூளையின் முன்பகுதி சுமையை இறக்கி வைக்க, உள்ளே ஆழத்தில் இருக்கும் பகுதிகளும் சிறுமூளையும் அதை வாங்கிக்கொள்கின்றன. அங்கே போன பிறகு வேலை வேகமாகவும் சீராகவும் நடக்கும். ஆனால் அங்கே பேச்சு கிடையாது. அந்த அசைவை மறுபடி வலிந்து கவனிக்கப் போனால், ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத்துக்குள் கையை விட்டதுபோல் ஆகிவிடும். கிழிந்த ரொட்டியின் கதை அதுதான்.

ரொட்டியோடு போனால் பரவாயில்லை. பினாங்கில் இது சோற்றுப் பிரச்சினை.

1972இல் பாயான் லெப்பாசில் மலேசியாவின் முதல் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தது. இன்டெல், ஹியூலட் பேக்கார்ட், ஹிட்டாச்சி, போஷ் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. "எட்டு சாமுராய்கள்" என்று ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். தொழிற்சாலைகள் பெருகப் பெருக, இயந்திரங்களைப் பராமரிக்கத் தெரிந்த டெக்னிஷியன்கள் போதவில்லை. 1989இல் மாநில அரசும் தொழிற்சாலைகளும் கல்வியாளர்களும் சேர்ந்து பினாங்கு திறன் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கினார்கள். சந்தையில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் நிறுவனங்கள், ஆளைப் பழக்குவதில் மட்டும் ஒரே கூரையின் கீழ் வந்தன என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இன்று கடலுக்கு அந்தப்பக்கம் புக்கிட் மின்யாக்கில் ஜப்பான் மலேசியா தொழில்நுட்பப் பயிற்சிக் கழகம், இந்தப்பக்கம் பத்து லஞ்சாங்கிலும் பாலேக் பூலாவிலும் தொழிற்கல்லூரிகள் என்று இடங்கள் பல. எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளையைத் தொழிற்கல்விக்கு அனுப்பலாமா என்ற பேச்சு இப்போது தமிழ் வீடுகளிலும் நடக்கிறது.

அங்கே பாடம் நடத்துவது யார் என்று பெற்றோர் அவ்வளவாகக் கேட்பதில்லை. அவர்களில் தொழிலிலிருந்து வந்தவர்களும் உண்டு. பதினைந்து வருடம் வெல்டிங் செய்தவர் ஒருநாள் கையுறையைக் கழற்றிவிட்டு வகுப்புக்குள் நுழைகிறார். அன்றைக்கு அவர் என் ரொட்டிக்கடை அண்ணனின் நிலையில்தான் இருக்கிறார்.

வெல்டிங் பட்டறையை ஒரு நிமிடம் உள்ளே போய்ப் பார்ப்போம். புதிதாகப் பழக வந்த பையன் முகக்கவசத்தை இறக்கியதும், கண்ணைப் பறிக்கும் அந்த வெளிச்சப் பொறியைத்தான் பார்ப்பான். கை நடுங்கும், கம்பி ஒட்டிக்கொள்ளும், இழுப்பான். அனுபவசாலி வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. அதன் பின்னால் நகரும் உருகிய உலோகக் குட்டையின் அகலத்தைப் பார்க்கிறார். சத்தத்தையும் கேட்கிறார்: தூரம் சரியாக இருந்தால் வாணலியில் எதையோ பொரிப்பதுபோல் ஒரே சீராகக் கேட்கும். இவற்றைப் பல வருடமாகச் செய்துவருபவரிடம் "எப்படி?" என்று கேளுங்கள். "கையை நேரா கொண்டு போ" என்பார். குட்டையும் சத்தமும் அவர் வாயில் வராது. தான் அவற்றைக் கவனிப்பதே அவருக்குத் தெரியாது.

தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிளார்க்கும் குழுவினரும் அறுவை மருத்துவர்கள் உட்படப் பல நிபுணர்களைத் தத்தம் வேலையை விவரிக்கச் சொல்லி ஆராய்ந்தார்கள். கற்பவருக்குத் தேவையான முடிவுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டை நிபுணர்கள் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள் என்பது அவர்கள் கணிப்பு. விட்டுவிட்டோம் என்ற உணர்வுகூட அவர்களுக்கு இல்லை.

இதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 1990இல் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை மேசையில் விரலால் தட்டச் சொன்னார். எதிரே இருப்பவர் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவரின் தலைக்குள் முழுப்பாட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே இருப்பவருக்குக் கிடைப்பது வெறும் டொக், டொக். "இதுகூடவா புரியலை?" என்று வகுப்பில் எரிந்து விழும் வாத்தியார்கள் எல்லோரும் பாட்டைத் தட்டிக்கொண்டிருப்பவர்கள்தான்.

ஆக, தொழில் தெரிவது ஒன்று, தொழிலைக் கற்றுத்தரத் தெரிவது வேறொன்று. இரண்டாவதற்கு லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986இல் தனியாக ஒரு பெயரே கொடுத்தார். பாடத்தை அறிவது, பொதுவாகக் கற்பிக்க அறிவது என்ற இரண்டிலும் சேராத மூன்றாவது அறிவு அது: இந்தப் பாடத்தில் புதியவன் எங்கே இடறுவான், அந்த இடத்தில் எதைக் காட்டினால் எழுந்துகொள்வான் என்பது. நல்ல வெல்டிங் ஆசிரியர் முதல் நாள் மின்சாரத்தைத் தொடவே விடமாட்டார். கம்பி பிடிக்கும் இடத்தில் ஒரு பென்சிலைச் செருகி, தாளில் கோடு இழுக்கச் சொல்வார். வெளிச்சம் இல்லை, பயம் இல்லை. சாய்வும் வேகமும் மட்டும் மிச்சம். வெல்டிங் செய்ய இந்தப் பென்சில் தேவையே இல்லை. கற்றுத்தர மட்டுமே தேவைப்படும் ஓர் அறிவு, தொழிலுக்குள் தேடினால் கிடைக்காது.

வேறு எங்கே கிடைக்கும்?

ஒரு வழி, வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து எழுதிப் பார்ப்பது. முதல் உலகப்போரில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களுக்கு அவசரமாக ஆட்கள் வேண்டியிருந்தபோது சார்ல்ஸ் ஆலன் என்பவர் நான்கு படி முறை ஒன்றை வகுத்தார்: மனத்தை ஆயத்தம் செய், செய்து காட்டு, செய்ய விடு, சோதித்துப் பார். 1919இல் அது புத்தகமானது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் அதையே சுருக்கிப் பயன்படுத்தின. போருக்குப் பின் ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டது. அந்த முறையில் பயிற்றுநர் ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இடப்பக்கம் படிகளையும் வலப்பக்கம் ஒவ்வொரு படியின் உயிர்நிலையையும் எழுத வேண்டும். நம் ஆசாரிகளும் பத்தர்களும் சூட்சுமம் என்பார்களே, அது வலப்பக்கம். இடப்பக்கம் எழுதப் பத்து நிமிடம் போதும். வலப்பக்கம் நிரம்ப நாளாகும்.

ஷா ஆலாமில் 1980களில் ஜப்பானின் உதவியோடு உருவான பயிற்றுநர் மையம் இந்த மாதிரி வேலைக்காகவே இருக்கிறது. மலேசியாவில் திறன் சான்றிதழ் வகுப்புகளை நடத்த, தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, பயிற்றுநர் பயிற்சியும் வேண்டும். 2005இல் தொடங்கிய எஸ்.எல்.டி.என். என்ற இரட்டைப் பயிற்சித் திட்டம் இன்னும் ஒரு படி போனது. ஜெர்மனியைப் பார்த்து அமைத்தது. பழகுநர் 70 முதல் 80 விழுக்காடு நேரத்தை வேலையிடத்திலும் மீதியைப் பயிற்சி நிலையத்திலும் கழிக்கிறார். எனவே பட்டறையில் பக்கத்தில் நிற்கும் மூத்தவரும் ஆசிரியராகிவிடுகிறார். அவருக்கும் பயிற்சி வேண்டியிருக்கிறது. இன்னொரு வழியும் உண்டு. இங்கிலாந்தில் தொழிற்கல்லூரி ஆசிரியர் வேலையையே பழகுநராகச் சேர்ந்து கற்கலாம்: சம்பளம் வாங்கிக்கொண்டு, மூத்த ஆசிரியர் ஒருவரின் கண்பார்வையில் வகுப்பெடுத்துக்கொண்டே ஆசிரியராவது.

புதுமையாகத் தோன்றும். ஆனால் இந்த யோசனை ஒருமுறை நம் மண்ணிலிருந்துதான் கப்பலேறியது. சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லம் ஒன்று இருந்தது. 1789இல் அதன் பொறுப்புக்கு வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். உதவி ஆசிரியர் மசியவில்லை. பெல் எட்டு வயதுப் பையன் ஜான் ஃப்ரிஸ்கனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு என்றார். அவன் சொல்லிக்கொடுத்தான், வகுப்பு தேறியது. 1797இல் பெல் அதை லண்டனில் புத்தகமாக வெளியிட, "மெட்ராஸ் முறை" உலகமெல்லாம் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில், அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

பெல்லின் முறை மலிவு என்பதால்தான் அரசாங்கங்களுக்குப் பிடித்தது. ஒரே ஆசிரியரின் கீழ் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை அடைத்து ஒப்பிக்க வைத்ததும் உண்டு. அதில் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் ஃப்ரிஸ்கன் விஷயத்தில் ஒரு உண்மை இருக்கிறது. அவன் நேற்றுத்தான் 'ஏ' எழுதக் கற்றவன். எங்கே விரல் வழுக்கும் என்பது அவனுக்கு இன்னும் மறக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டின் பமீலா ஹிண்ட்ஸ் 1999இல் வெளியிட்ட ஆய்வும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. புதியவருக்கு ஒரு வேலையைச் செய்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டபோது, நிபுணர்கள் மிகக் குறைத்துச் சொன்னார்கள். பாதிவழியில் இருந்தவர்களின் மதிப்பீடுதான் உண்மைக்குக் கிட்ட வந்தது.

இங்கிலாந்து 1846இல் இதை ஒப்பந்தமாகவே ஆக்கியது: 13 வயதில் மாணவ ஆசிரியராகச் சேர்ந்தால் 5 ஆண்டுப் பழகுகாலம். பினாங்கிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'நார்மல்' என்ற ஆசிரியர் பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஆங்கிலப் பள்ளியில் பகலெல்லாம் பாடம் நடத்தும் இளைஞர், மீதி நேரத்தில் தானே மாணவனாக உட்கார்ந்து கற்பிக்கக் கற்றார்.

மூத்த ஆசிரியர் பக்கத்தில் நிற்பதால் அப்படி என்ன கிடைத்துவிடும்? சின்னதாக ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு, ஆசிரியர் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். ஏறத்தாழ 1 வினாடி. அதற்குள் இன்னொருவரைக் கேட்பார், அல்லது தானே பதிலைச் சொல்லிவிடுவார். 3 வினாடி காத்திருக்கப் பழகியபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வகுப்புக்குப் போனால் மறுபடி 1 வினாடிதான் வரும். மௌனம் அவ்வளவு கனமானது. பின்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருந்து, வகுப்பு முடிந்ததும் "ரெண்டு தடவை அவசரப்பட்டீங்க" என்று சொல்ல வேண்டும்.

சில மாதம் கழித்து அதே கடைக்குப் போனேன். அண்ணன் பக்கத்தில் ஒரு புதுப் பையன், ஊரிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அவன் கையில் மாவு இல்லை. இந்த நாட்டுக் கடைகள் எல்லாவற்றிலும் தொங்குமே, சிவப்பு எழுத்துப் போட்ட குட் மார்னிங் துண்டு, அதை நனைத்துப் பிழிந்து கொடுத்திருந்தார். பையன் அதை மேடையில் வீசிக்கொண்டிருந்தான். சளப், சளப். துண்டு கிழியாது, ஆனால் தப்பாக வீசினால் விரியாமல் சுருட்டிக்கொண்டு விழும். தப்பு தெரியும், நஷ்டம் இல்லை.

"இது யாருண்ணே சொல்லிக்குடுத்தது?"

"எனக்குச் சொல்லிக்குடுத்தவரு எனக்கும் இதைத்தான் குடுத்தாரு. மறந்தே போச்சு. இவன் மாவு நாலு கிழிச்ச பெறவுதான் ஞாபகம் வந்துச்சு."

துண்டு மறுபடி சுருண்டு விழுந்தது. அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பையன் தானே எடுத்து விரித்தான், வீசினான், சுருண்டது. அப்புறம்தான் அவன் முழங்கையை விரலால் லேசாகத் தொட்டார். "இதை உடம்போட ஒட்டி வை. மேல தூக்காதே, உன் பக்கம் இழு. மணிக்கட்டு மட்டும் திரும்பணும்."

நான் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை என்பதால் அவர் அதைக் கவனிக்கவில்லை. என் ரொட்டி கல்லில் கருக ஆரம்பித்திருந்தது.