மின்வாயில் நிற்கும் சோப்பு மூலக்கூறு

வீட்டுக் குழாயின் பளபளப்பில் சில சமயம் ஊசிமுனைக் குழிகளைப் பார்த்திருப்பீர்கள். காரணம் சொல்கிறேன். நிக்கல் முலாம் தொட்டியின் எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியும் உண்டாகும். அது ஒட்டிய இடத்தில் நிக்கல் படியாது. அரிப்பு அங்கேதான் ஆரம்பிக்கும்.

அதற்குத்தான் சோடியம் லாரில் சல்பேட். பற்பசையில் நுரை தருகிறதே, அதேதான்! அதன் வாலுக்கு நீர் ஆகாது. தலைக்கு நீர்தான் வேண்டும். ஆகவே கரைசலின் எல்லைகளில் போய் நிற்கும். இதுவே பரப்புக் கவர்ச்சி. பரப்பு இழுவிசை குறையும். குமிழி சிறிசாகவே கழன்றுவிடும்.

மின்வாயின் மின்சுமைக்கும் பங்குண்டு. எதிர்மின்சுமை மிகுந்தால், நேர்மின் தலையுள்ள மூலக்கூறை இழுத்துக்கொள்ளும்.

அப்படியானால் அள்ளிப் போடலாமா? கூடாது. தூய நீரில் லிட்டருக்குச் சுமார் 2.3 கிராமைத் தாண்டினால், மிகுதி மூலக்கூறுகள் தமக்குள்ளேயே மைசெல்லாகத் திரண்டுவிடும். அளவைவிட, நிற்கும் இடமே முக்கியம் என்பேன்.