வீடு தேடி வரும் செவிலித்தாய்

செபமாலையின் மகிழ்ச்சித் தேவ இரகசியங்களுள் இரண்டாவதைச் சிறு வயது முதலே நாம் தியானித்து வருகிறோம். முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தம்மாளைக் காண அன்னை மரியாள் யூதேயா மலைநாட்டுக்கு விரைந்து சென்றார். ஏறத்தாழ மூன்று மாதங்கள் அங்கே தங்கினார். அம்மூன்று மாதங்களில் அன்னை என்னென்ன செய்தார் என்பதைப் புனித லூக்கா எழுதவில்லை. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பழகிய எவருக்கும் அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீர் மொண்டு வந்திருப்பார், மாவரைத்திருப்பார், நேரத்துக்கு உண்டாரா, கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்திருப்பார். ஆண்டவரையே வயிற்றில் தாங்கியவர் ஆள் அனுப்பி நலம் விசாரிக்கவில்லை. தாமே வீடு தேடிச் சென்றார்.

இன்றும் நம் ஊர்களில் அவ்வாறு வீடு தேடி வருபவர் ஒருவர் உண்டு. அரசு ஏடுகளில் அவர் கிராம சுகாதார செவிலியர். ஊராருக்கு அவர் ‘நர்சம்மா’. பழந்தமிழ் இலக்கியத்தில் தலைவியை வளர்த்தவளுக்குச் செவிலித்தாய் என்று பெயர். அவள் பெற்றவள் அல்லள். ஆயினும் பெற்றவளோடு சேர்ந்து பிள்ளையைக் காத்தவள். நர்சம்மாவுக்கும் அப்பெயர் பொருந்தும். அவரைப் பற்றிச் சில சொல்லவும், அவர் முன் நாம் செய்த ஒரு தவற்றை ஒப்புக்கொள்ளவுமே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பையும் பதிவேடும்

சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று எனத் துணை சுகாதார நிலையங்கள் அமைய வேண்டும் என்பது அரசின் அளவுகோல். மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், மகப்பேற்றுக்கு ஒருவர் எனப் பணியாளர் தனித்தனியே வீடு ஏறிய காலம் ஒன்றிருந்தது. 1973-ல் கர்த்தார் சிங் குழு அளித்த பரிந்துரைக்குப் பின், ஒரு குடும்பத்தின் பல தேவைகளையும் ஒருவரே கவனிக்கும் முறை நாட்டில் பரவிற்று. இன்றைய நர்சம்மாவின் பணி அவ்வழியில் வந்ததே.

ஒரு பெண் கருவுற்ற செய்தி எட்டியதும் அவர் பெயரைப் பதிகிறார். எடை, இரத்த அழுத்தம், இரத்தத்தின் வலிமை ஆகியவற்றைப் பார்க்கிறார். இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். மாத்திரையைத் தருவது எளிது. அது பரணில் கிடவாமல் வயிற்றுக்குள் போயிற்றா என்று அறிவதற்குத்தான் வீட்டுக்கு வர வேண்டியிருக்கிறது.

குழந்தை பிறந்தபின் வேலை இரட்டிக்கிறது. மருத்துவமனையில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் சென்று பார்க்க வேண்டும் என்பது தேசிய நெறிமுறை. இந்நாட்களுக்குக் காரணம் உண்டு. பச்சிளங்குழந்தைகளின் மரணங்களில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே நிகழ்கிறது. பிறந்தபோது எடை இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சூடு காக்கத் தெரியாது. அதைத் தாயின் மார்போடு சேர்த்துப் போர்த்தி வைக்கச் சொல்லித் தருகிறார். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் அதன் மூச்சை எண்ணுகிறார். இரண்டு மாதம் நிறையாத பிள்ளை நிமிடத்துக்கு அறுபது தடவையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புகிறார். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பிள்ளையின் அருகில் ஒருவர் பொறுமையோடு அமர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அவர் எதிர்கொள்ளும் பழக்கங்களையும் வாசகர்கள் அறிவீர்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது. தாய்ப்பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டுச் சேனை வைப்பது. குளிப்பாட்டுகையில் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது. வயிற்றுப்போக்கு என்றால் தண்ணீரையே நிறுத்துவது. நம் அப்பத்தாமாரின் அன்பில் குறையேதும் இல்லை. ஆனால் அன்பு மட்டும் போதாத இடங்கள் இவை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை அதைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்பதே மருத்துவம் இன்று வற்புறுத்தும் விதி. வயிற்றுப்போக்கு கண்டால் உப்புச்சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை, அதன் மேல் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். பொட்டலம் கிடைக்காவிடில் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

நாம் கண்ட நர்சம்மா ஒருவர் அப்பத்தாவைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. திண்ணையில் அவர் பக்கத்தில் அமர்ந்து, “நீங்கள் வளர்த்த பிள்ளைகள் எத்தனை அப்பத்தா?” என்று கேட்டே பேச்சைத் தொடங்குவார். மூதாட்டி தாம் பெற்றவற்றையும் இழந்தவற்றையும் எண்ணிச் சொல்லி முடிக்கும்போது பாதி வேலை முடிந்துவிடும்.

இத்தகைய உழைப்பின் பலனைக் கணக்கிலும் காணலாம். 1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 129 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 2020-ல் அவ்வெண் 28, தமிழ்நாட்டில் 13. மருத்துவமனைகளுக்கும் சாலைகளுக்கும் கல்விக்கும் இதில் பங்குண்டு. வெயிலில் நடந்த கால்களுக்கும் உண்டு.

மூடிய கதவுகள்

இவருக்கு எல்லாக் கதவுகளும் திறப்பதில்லை. நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் சில இவரைக் கண்டதும் உள்ளே சென்றுவிடுவதை நாம் அறிவோம். “கருத்தடைக்கு ஆள் பிடிக்க வருகிறார்” என்பது அவர்கள் சொல்லும் காரணம். அந்த அச்சம் காரணமின்றிப் பிறந்ததன்று. 1975–77 நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டில் நடந்த கட்டாயக் கருத்தடைகளை முதியோர் மறக்கவில்லை. அதன் பின்னும் இத்தனை பேர் என்று இலக்கு வைத்து இச்செவிலியரை நெருக்கிய காலம் ஒன்றிருந்தது. அவ்விலக்கு முறையை நடுவண் அரசு 1996 ஏப்ரலில் கைவிட்டது.

இக்காரியத்தில் திருச்சபையின் போதனை நமக்குத் தெரிந்ததே. அதை மதிக்கும் குடும்பம், “அது எங்களுக்கு வேண்டாம் அம்மா” என்று மரியாதையோடு சொல்லலாம். ஆனால் அதற்காகக் கதவை மூடிப் பிள்ளையின் எடை பார்ப்பதையும் தடுப்பூசியையும் சேர்த்து விலக்குவது பக்தியாகாது. கருவில் உள்ள உயிர் புனிதமானது என்று போதிக்கும் நமக்கு, தொட்டிலில் உள்ள உயிரும் அவ்வாறே புனிதமானதன்றோ?

கதவு மூடும் பழக்கம் ஒரு காலத்தில் திருச்சபையிடமும் இருந்தது. துறவற வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் மகப்பேறு பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் இடந்தரவில்லை. ஆஸ்திரிய நாட்டு மருத்துவரான அன்னா டெங்கல் அம்மையார் 1920 முதல் அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில் பணியாற்றினார். ஆண் மருத்துவர் தொடலாகாது என்ற வழக்கத்தால் முக்காட்டுக்குள் இருந்த தாய்மார் பிரசவத்தில் மடிவதைக் கண்டு நெஞ்சு பதைத்தார். 1925-ல் மருத்துவப் பணிச் சகோதரிகளின் சபையைத் தொடங்கி, உரோமையிடம் விடாமல் மன்றாடினார். 1936 பெப்ருவரியில் உரோமை அத்தடையை நீக்கிற்று. அதே 1920-ல் குண்டூருக்கு வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, தனி அனுமதி பெற்றுக் கன்னியராகவும் மருத்துவராகவும் உழைத்தார். 1943-ல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்துக்கு வித்திட்டார். மூடிய கதவைத் திறப்பது திருச்சபையின் பணியே என்பதை இவ்விருவரும் வாழ்ந்து காட்டினர்.

நமது மௌனம்

இனி நாம் ஒப்புக்கொள்ள வேண்டியது. 2017 பெப்ருவரியில் தமிழகத்தில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் எதிரான தடுப்பூசி இயக்கம் தொடங்கிற்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊசி போடவேண்டும். அப்போது நாம் இருந்த பங்கின் நர்சம்மா, நெற்றியில் திருநீறு துலங்க, பங்கு இல்லத்துக்கு வந்தார். “சாமி, ஞாயிறு பூசையில் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பத்து நாள் வீடுவீடாய் ஏறி இறங்குவதற்கு அது சமம்” என்றார். “ஆகட்டும் அம்மா” என்று வாக்களித்தோம்.

அந்த வாரத்துக்குள் கைபேசிகளில் வதந்திகள் புகுந்துவிட்டன. ஊசியால் பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் என்று யாரோ எழுதியதை ஊரே நம்பிற்று. ஞாயிறன்று பூசைக்கு முன் பெரியவர்கள் சிலர் நம்மிடம் வந்து, “நமக்கு எதற்குச் சாமி வம்பு?” என்றனர். நாம் அறிவிப்பு ஏட்டை மூடிவைத்தோம். ஊசியைப் பற்றி நமக்கு ஐயம் இருக்கவில்லை. மக்களின் முகக்கோணலுக்கு அஞ்சினோம், அவ்வளவே. நர்சம்மா கோவிலின் கடைசி வரிசையில் நின்றிருந்தார். திருப்பலி முடிந்ததும் ஒன்றும் கேளாமல் கும்பிட்டுச் சென்றார். மறுநாள் காலையில் அவரை வீதியில் கண்டோம்; தனியாக வீடு ஏறிக்கொண்டிருந்தார்.

செங்கல் சூளைக்குப் பிழைக்கப்போய்த் திரும்பிய குடும்பம் ஒன்று அவ்வூரில் இருந்தது. ஊர் ஊராய் அலைந்ததில் அவர்களின் மூன்று வயது மகனுக்கு முந்தைய ஊசிகள் தவறியிருந்தன. இம்முறையும் அந்தத் தாய் மறுத்துவிட்டார். அவ்வாண்டுக் கோடையில் பிள்ளைக்கு மணல்வாரி கண்டது. நெஞ்சில் சளி கட்டிற்று. காதில் சீழ் பிடித்தது. ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்து, ஆண்டவர் அருளால் பிழைத்தான். பார்க்கச் சென்ற நம்மிடம் அந்தத் தாய், “கெடுதல் இல்லையென்றால் சாமி பூசையில் சொல்லியிருப்பாரே என்று இருந்துவிட்டேன்” என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. அதனாலேயே இன்றும் நம் காதில் ஒலிக்கிறது.

சென்ற ஆண்டு அப்பங்கின் திருவிழாவுக்குச் சென்றிருந்தோம். அந்தச் சிறுவன் இப்போது பீடச்சிறுவன். எழுந்தேற்றத்தில் மணியடிக்கும் நேரம் வந்ததும் பக்கத்துச் சிறுவன் அவன் தோளைத் தொட்டான். அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை.

நம்மால் ஆவது

வாசகர்களே, மேடையேறிப் பேசும் காரியம் அன்று இது. நர்சம்மா வந்தால் நாற்காலி போடுங்கள். ஒரு குவளை மோர் கொடுங்கள். மூன்றாம் மாதம் ஆகட்டும் என்று மறைக்காமல், மகளோ மருமகளோ கருவுற்றதை உடனே தெரிவியுங்கள். தடுப்பூசி அட்டையைத் திருமுழுக்குச் சான்றிதழோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அன்பியக் கூட்டத்தில் அவருக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். மரியாயின் சேனையினர் வீடு சந்திக்கச் செல்கையில், புதிதாக வந்து குடியேறிய குடும்பங்களையும் சூளைக்கும் வயலுக்கும் போய் வரும் குடும்பங்களையும் அவருக்குக் காட்டிக் கொடுங்கள். ஒருமுறையாவது அவரோடு கூடச் செல்லுங்கள். பழகிய முகம் அருகில் நின்றால் கதவு எளிதில் திறக்கும்.

பூசை நேரத்தில் பசித்தழும் பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூசித் தாய்மார் வெளியே ஓடுகின்றனர். காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ், ஆண்டவரின் திருமுழுக்கு விழாக்களில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, சிஸ்டைன் சிற்றாலயத்திலேயே தயங்காமல் பாலூட்டுமாறு தாய்மாரை அழைத்தார். அங்கே தகுமானால் நம் கோவிலிலும் தகும்.

எம் சகோதரக் குருக்களுக்கும் ஒரு சொல். நம்மிடம் ஒலிபெருக்கி இருக்கிறது. நர்சம்மாவிடம் இரண்டு கால்களே இருக்கின்றன. நாம் பேச வேண்டிய ஞாயிறன்று பேசாவிட்டால், அந்தச் சுமை அவர் கால்மேல் விழுகிறது. சில வேளை ஒரு குழந்தையின் மேல் விழுகிறது.

இன்று நாம் பணியாற்றும் பங்கில், தடுப்பூசி நாளாகிய புதனுக்கு முந்திய ஞாயிறுதோறும் பிள்ளைகளை அழைத்துவருமாறு நாமே அறிவிக்கிறோம். செபமாலையில் இரண்டாம் இரகசியம் வரும்போதெல்லாம், தலைவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நிற்கும் நர்சம்மா நினைவுக்கு வருகிறார். எலிசபெத்தம்மாள் தம் வாசலுக்கு வந்தவரை மகிழ்ச்சியோடு வரவேற்றார். நம் வீடுகளும் அவ்வாறே வரவேற்கட்டும்.